பால் போதவில்லை என்று அழுகையை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். சில நாட்களாக மாலையில் அரை மணிக்கொரு முறை பாலுக்கு அழுகிறாள். ‘உனக்குப் பால் பத்தவில்லை, பவுடர் பால் கொடு’ என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

பதில்: ஆறு வாரத்தில் பல குழந்தைகள் மாலை வேளையில் ஓயாமல் பால் கேட்கும், அடிக்கடி குடித்தே தாயின் பால் சுரப்பைத் தம் தேவைக்கேற்ப உயர்த்திக்கொள்ளும். ஆகவே அழுகையை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்கிறாளா, எடை நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் கூடுகிறதா என்று பாருங்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குச் செல்லும்போது எடையைப் பார்த்துக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் பவுடர் பால் தேவையில்லை. மார்பில் பால் தேங்கினால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மாலையில் ஒரு பாட்டில் குடித்துவிட்டுக் குழந்தை அயர்ந்து தூங்கினால், அந்த வேளைக்குரிய பால் மார்பிலேயே தங்கிவிடும்; இது தொடர்ந்தால் சில நாட்களில் உண்மையாகவே பால் குறைந்து, மாமியார் சொன்னதே சரி என்று உங்களுக்கும் தோன்றும். அதற்குப் பதிலாக, குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைக் கவனியுங்கள்: வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடங்கி, தாடை மார்பைத் தொட, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் இருக்க வேண்டும்.

எடை கூடாத குழந்தைக்கும், தாய் சில குறிப்பிட்ட மருந்துகளை உட்கொள்ளும்போதும் பவுடர் பால் தேவைப்படலாம். ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று பவுடர் பால் டின்னில் அச்சிட்டிருப்பது, அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தும் இந்தியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனங்களுக்கு இட்ட கட்டளை; தாய்மார்களுக்கு இட்டதல்ல. மருத்துவர் சொல்லி அதைக் கரைக்கும் தாய் குற்ற உணர்வு கொள்ளத் தேவையே இல்லை. கரைக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளல்ல என்பதால், கொதிக்கவைத்த நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள் (அதாவது, அரை மணி நேரத்துக்குள்) கலந்து, பிறகு வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். டின்னில் உள்ள அளவே அளவு. சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நீரைக் கூட்டினால் வயிறு நிறையும், எடை ஏறாது. பாட்டிலைவிடப் பாலாடையை (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணத்தை) கழுவுவதும் கொதிக்கவைப்பதும் எளிது.

சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க எழாமல் கிடந்தாலோ, அன்றே குழந்தை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.