பரோலா, தண்டனை நிறுத்திவைப்பா? முதலில் அதைக் கேளுங்க

அம்மா, உங்க மகளைக் கொடுமைப்படுத்தியவனுக்குப் போக்சோ 6-வது பிரிவில் 20 வருஷம் தண்டனை. நாலு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள 'பரோல்ல வர்றான்'னு தெருவுல பேச்சுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் மனசு பதறிப்போச்சு.

எந்த வழியில வர்றான்னு முதல்ல விசாரிங்க. நம்ம ஊர்ல பரோல்னு சொல்றது சிறை விடுப்பு. தமிழ்நாட்டு 1982 விதிகள்படி அது சில நாள்தான், அவன் திரும்பப் போயாகணும். ஆனா மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைச்சா, பெரும்பாலும் வழக்கு முடியுற வரைக்கும் வெளியேதான். எனக்குப் பயம் இதுலதான். உடனே அரசு வழக்கறிஞரைப் பார்த்து எதிர்ப்புத் தெரிவிக்கச் சொல்லுங்க. பாதிக்கப்பட்டவங்க தரப்பையும் கேட்கணும்னு உச்ச நீதிமன்றம் 2022-ல் ஜக்ஜீத் சிங் வழக்குல சொல்லியிருக்கு.

விடுப்புன்னா நன்னடத்தை அலுவலர் விசாரிப்பார். அவன் வீடு உங்க வாசல்ல இருந்து எத்தனை வீடு தள்ளி, பாப்பா எந்தச் சந்து வழியா பள்ளிக்கூடம் போறா, எல்லாத்தையும் எழுதி அவருக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்க. நகல் கையில இருக்கட்டும்.

ஸ்டேஷன்லயும் கேளுங்க. அவனோட ஜாமீன், விடுதலை நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்கணும்னு 2020 போக்சோ விதிகள்ல 4-வது விதியே இருக்கு.