ஏற்கெனவே ஒரு பைக் இருக்கும்போது இன்னொன்று வாங்க மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

இந்தக் கேள்வியை நான்கு வருடம் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். வாசலில் ஒரு ஸ்பிளெண்டர் நிற்கிறது. மழையோ வெயிலோ, சொன்ன நேரத்துக்கு மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பெட்ரோல் அதிகம் குடிக்காது, மெக்கானிக் செலவும் கிடையாது. அப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்க வேண்டும் என்று எந்த முகத்தோடு வீட்டில் கேட்பது? கடைசியில் கேட்டேன், வாங்கினேன். என் மனைவியின் முழு சம்மதத்தோடு வாங்கினேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த தப்புகள். நான் காரணம் தேடினேன். "ஸ்பிளெண்டர் சர்வீசுக்குப் போனால் மில்லுக்குப் போக வண்டி வேண்டாமா" என்றேன். "பழைய ஆர்எக்ஸ் விலை ஏறிக்கொண்டே போகிறது, இதுவும் ஒரு முதலீடு" என்றேன். ஒரு நோட்டில் கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். பிறகு மச்சானைப் பேசச் சொன்னேன். அவன் பேசிவிட்டுப் போன அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நம் இருவருக்குள் பேச வேண்டியதை அவள் தம்பி வாயில் போட்டது அவளுக்குப் பெரிய வருத்தம். அதை இன்றைக்கும் என் பக்கத்துப் பிழையாகத்தான் நினைக்கிறேன்.

அந்தக் காரணங்கள் எதுவும் உண்மையில்லை என்பதுதான் விஷயம். வண்டி சர்வீசுக்குப் போனால் மில் பஸ் இருக்கிறது. கூடவே இருப்பவளுக்கு இது தெரியாதா? நீங்கள் வாங்க நினைப்பது புது வண்டி என்றால், "2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, இப்போது விட்டால் கிடைக்காது" என்று ஆரம்பிக்கத் தோன்றும். வரி குறைந்த தகவல் சரிதான். ஆனால் அது எப்போது வாங்கலாம் என்பதற்குத்தான் பதில். எதற்கு வாங்க வேண்டும் என்றுதானே வீட்டில் கேட்கிறார்கள்.

இதைவிட மோசமான வழி ஒன்று உண்டு, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு புல்லட் வாங்கி, நாலு மாதம் ஒர்க்‌ஷாப்பிலேயே நிறுத்தி ஓட்டினார். இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்த நேரம் போன் அவர் மனைவி கையில். அப்புறம் வண்டியை விற்றும் பிரச்சினை தீரவில்லை. இன்றைக்கும் அவர் போன் மணி அடித்தால் அந்த வீட்டில் ஒரு பார்வை இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2023 பங்குனியில் எனக்கு ஒரு சீட்டு விழுந்தது, கையில் 60,000 ரூபாய். அன்றைக்கு ராத்திரி மறுபடியும் ஆர்எக்ஸ் பேச்சை எடுத்தேன். அவள் தையல் மெஷினிலிருந்து எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு ஜவுளிக்கடை கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அடகுச் சீட்டுகள். ஏழு சீட்டு, வருடத்துக்கு ஒன்று.

"என்னங்க, முதல் வண்டிக்கே நாம இன்னும் வட்டி கட்டிக்கிட்டிருக்கோம்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

2016இல் ஸ்பிளெண்டர் வாங்கும்போது கடன் வேண்டாம், ரொக்கமாகவே எடுத்துவிடலாம் என்று அவளுடைய மூன்று பவுன் சங்கிலியை பேங்கில் வைத்து 45,000 வாங்கினோம். அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலி. ஆறு மாதத்தில் திருப்பிவிடலாம் என்று சொன்னவன் நான். அப்புறம் பையனுக்கு ஸ்கூல் பீஸ், வீட்டு அட்வான்ஸ், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக வந்தது. வருடம் முடிந்தால் வட்டியைக் கட்டி மாற்றி வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வட்டி வீட்டுச் செலவுப் பணத்தில் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் அவள் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்: 4,210, 4,260, 4,300. எல்லாம் அவள் பிளவுஸ் தைத்த காசு. லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு அவள் வாங்குவது 200 ரூபாய். ஒரு வருட வட்டிக்கு இருபத்தொரு பிளவுஸ்! ஏழு வருடத்துக்கு என்று நினைத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

நான் மிதித்து ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அவள் தைத்து ஓடிக்கொண்டிருந்தது. இது தெரியாமல் இரண்டாவது வண்டிக்கு மைலேஜ் கணக்கு காட்டியிருக்கிறேன்.

சித்திரை பிறந்த வாரம் இருவருமாக பேங்குக்குப் போனோம். அசலும் அந்த வருட வட்டியுமாக 49,000 சொச்சம் கட்டினேன். நகைப் பையின் சீலைப் பிரித்து, எடை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அவள் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து, கொக்கியை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். லேசாக வளைந்திருந்தது. பேங்கில்தான் வளைந்துவிட்டதோ என்று நான் பதறினேன். "இல்லங்க, இது முந்தியே இப்படித்தான். சின்னவன் பால் குடிக்கும்போது இழுத்தது" என்றாள். அந்த அளவுக்கு ஞாபகம் வைத்திருந்த பொருளை நான் ஏழு வருடம் மறந்திருக்கிறேன்.

அன்றோடு வண்டிப் பேச்சை விட்டுவிட்டேன். அவள் மனதை மாற்றுவதற்காக இதைச் செய்யவில்லை, உண்மையாகவே எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு உசிலம்பட்டி போய்விட்டுத் தேனி திரும்பிக்கொண்டிருந்தோம். ஆண்டிபட்டி கணவாயில் வண்டியை நிறுத்தினேன். கோயில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்போது அவளாகவே கேட்டாள். "அந்த வண்டியக் கேக்கறத ஏன் விட்டுட்டீங்க? அது மேல அப்படி என்னதான் இருக்கு?"

இத்தனை வருடத்தில் நான் சொல்லாத ஒன்றை அன்றுதான் சொன்னேன். என் சித்தப்பாவிடம் ஒரு ஆர்எக்ஸ் 100 இருந்தது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து 1985இலிருந்து 1996 வரை செய்த வண்டி. வெறும் 98 சிசி, டூ ஸ்ட்ரோக். நூறு கிலோவை ஒட்டித்தான் எடை, ஆனால் 11 குதிரைத்திறன். அதனால்தான் கையைத் திருப்பினால் அப்படிப் பாயும். எனக்கு ஏழு வயது. என்னைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து இதே கணவாயில் கூட்டிவருவார். டேங்கின் சூடு தொடையில் ஏறும். ஹேண்டில்பாரின் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்வார், வண்டி துடிப்பது விரல் வழியே பல் வரைக்கும் வரும். வளைவில் கை எடுத்ததும் சைலன்சர் "டப் டப்" என்று அடங்கும், மறுபடி ஏற்றத்தில் கூவும். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னாலேயே தவறிவிட்டார். ஒரு ஆள் என்னைத் தன் இரண்டு கைக்கு நடுவில் வைத்துக் கூட்டிப்போனது என்றால் அந்த வண்டியில்தான். 2003இல் சித்தப்பா மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது, பீஸ் கட்ட வண்டியை விற்றார். வாங்கிப்போனவன் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார். அப்புறம் அவர் வேறு வண்டி வாங்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் காற்றாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அதற்காக உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவளுக்கு இன்னொரு பயம் இருந்தது, அது நியாயமான பயம். அவள் பெரிய அண்ணன் காலில் இன்றைக்கும் பிளேட் இருக்கிறது, பைக்கில் விழுந்ததால். ஆர்எக்ஸ் வேகமான வண்டி. ஆனால் பிரேக் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான், திடீரென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. அதை நான் மறைக்கவில்லை. இருட்டில் எடுப்பதில்லை, பைபாஸ் பக்கம் போவதில்லை, பிள்ளைகளை அதில் ஏற்றுவதில்லை, இரண்டு பேருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் என்று பேசிக்கொண்டோம். சித்தப்பா மாதிரி பையனை டேங்க் மேல் வைக்க ஆசை இருந்தது. அந்த ஆசையை விட்டேன்.

பணத்துக்கு மாதம் 4,000 ஆர்டி போட்டோம். பதிமூன்று மாதம். கடன் இல்லை, நகை இல்லை என்பது அவள் போட்ட ஒரே கண்டிஷன்.

வருடாந்திரச் செலவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 714 ரூபாய், ஜிஎஸ்டியோடு 843. வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஒரு ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும், எத்தனை வண்டி வைத்திருந்தாலும். ஸ்பிளெண்டரோடு எனக்கு ஏற்கெனவே இருந்ததால் இரண்டாவது முறை கட்டவில்லை. இதைப் பலர் தெரியாமல் இரண்டு வண்டிக்கும் கட்டுகிறார்கள், இரண்டாவது வண்டியில் அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய வண்டிதான் உங்கள் யோசனை என்றால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். போடியில் நாங்கள் பார்த்த முதல் வண்டி 40,000தான். பெயிண்ட் பளபளத்தது, நான் மயங்கி நின்றேன். அவள்தான் "ஆர்சி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி, இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தது. அப்படியென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அப்புறம்தான் நம் பெயருக்கு வரும். வண்டி ஓடத் தகுதியானது என்று காட்டும் எஃப்சியும் 2014 வரைதான். பதிவு செய்து 15 வருடம் ஆன வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கடைசி ஆர்எக்ஸ் 100 வந்ததே 1996இல் என்பதால் இன்றைக்கு விற்கும் எல்லா ஆர்எக்ஸும் இந்தக் கணக்கில் வரும். புதுப்பிக்காமல் விட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இரண்டாவது வண்டி சின்னமனூரில். 1994 பதிவு, 2029 வரை புதுப்பித்திருந்தார்கள், 62,000. ஸ்டியரிங் கழுத்தில் அடித்திருக்கும் சேஸி நம்பரை பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தோம். என்ஜின் நம்பரையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக அவள் படிக்க நான் சரிபார்த்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டோம். பெயர் மாறாமல் வண்டியை வெளியே எடுத்து ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பக்கமும் கஷ்டம். என்ஜினுக்குத் தானாக ஆயில் அனுப்பும் பம்ப்பை முந்தைய ஓனர் அடைத்துவிட்டிருந்தார், அதனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான டூடி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருந்தது, கிளட்ச் வழுக்கியது. போர் அடித்து, பிஸ்டன், ரிங்ஸ், கிளட்ச் பிளேட் மாற்ற 14,000 ஆனது. அது என் தீபாவளி போனஸ்.

உங்கள் வீட்டில் அடகுச் சீட்டு இல்லாமல் இருக்கலாம். ஆனால் முதல் வண்டி வாங்கும்போது யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், அது திரும்பி வந்ததா என்று பாருங்கள். உங்கள் மனைவி டவுன் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றுகொண்டிருக்கும்போது உங்களுக்கு இரண்டாவது பைக் என்றால் முதலில் அவருக்கு ஒரு ஸ்கூட்டி வாங்குங்கள். அப்புறம், எதற்கு வேண்டும் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். ஆசையை ஆசை என்றே சொல்லலாம், அதில் வெட்கம் இல்லை. அவர் அப்போதும் வேண்டாம் என்றால், கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள்.

என்ஜின் வேலை முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆர்எக்ஸை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனோம். அவருக்கு இப்போது முழங்கால் வலி, கிக்கர் மிதிக்க முடியாது. சத்தம் கேட்டே வெளியே வந்துவிட்டார். ஒன்றும் பேசாமல் டேங்க் மேல் கையை வைத்தார், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "டூடி எவ்வளவுடா ஊத்துற?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "லிட்டருக்கு முப்பது மில்லி, சின்ன மாமா. நான்தான் அளந்து ஊத்துறேன்."