மூன்று வயது மகள் பிரஷைப் பார்த்தாலே அழுகிறாள். பால்பல் விழத்தானே போகிறது என்று மாமியார் சொல்கிறார். பல் தேய்க்க எப்படிப் பழக்குவது?

பால்பல் விழத்தான் போகிறது, ஆனால் எப்போது என்று பாருங்கள். முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. இன்னும் ஏழெட்டு வருடம் உங்கள் மகள் அவற்றால்தான் மென்று சாப்பிட வேண்டும். சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், பிறகு முளைக்கிற பல் கோணலாக வரும். மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், நிச்சயம் புரிந்துகொள்வார்.

நம் வீடுகளில் காலையில் பல் தேய்க்காமல் யாரும் காபி தர மாட்டார்கள். அந்தப் பழக்கம் நன்றாகவே இருக்கிறது. விட்டுப்போவது இரவுதான், சொத்தை வேகமாகப் பிடிப்பதும் அப்போதுதான். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும், பல்லில் ஒட்டிய இனிப்பைக் கழுவ ஆளில்லை. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் குடித்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் முதலில் போவதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வரிசையை நாக்கு மறைத்துக் காப்பாற்றிவிடும். அதனால் ஒரே ஒரு வேளையைப் பிடித்துக்கொள்வதென்றால் இரவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் பல் தேய்க்க வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

அழுகைக்கு வருகிறேன். வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி வாயைத் திற என்றால் எந்தக் குழந்தையும் திமிறத்தான் செய்யும். என் மகனுக்குக் கைகொடுத்தது மடி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் தலையை என் மடியில் வைத்து, முகம் மேலே பார்க்கப் படுக்க வைப்பேன். இடது கை விரலால் மேல் உதட்டைத் தூக்கினால் பல்லும் ஈறும் சேருமிடம் பளிச்சென்று தெரியும். அங்கேதான் அழுக்கு படியும். பிரஷை அங்கே சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அதற்குமுன் அவன் கையிலும் ஒரு பிரஷ் கொடுத்துவிடுவேன், பொம்மைக் கரடிக்கு அவன் தேய்த்துவிடுவான். கரடிக்கு முடிந்ததும் அவன் முறை. கொஞ்ச நாளில் அவனே வந்து படுக்க ஆரம்பித்தான்.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், மூன்றுக்கு மேல் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிழிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபுளோரைடு என்பது பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் தாது; அது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவு இருக்கிற பேஸ்ட் நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள், அங்கே நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். தேய்த்தபின் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும்.

ஏழெட்டு வயது வரை கடைசிச் சுற்று உங்கள் கையால்தான் தேய்க்க வேண்டும். அதுவரை அந்தப் பிஞ்சு விரல்களுக்குப் பின்பற்கள் வசப்படாது.

மிட்டாயே கூடாது என்று சட்டம் போட வேண்டாம். மதியச் சாப்பாட்டோடு ஒரு லட்டு சாப்பிட்டால் பெரிய கெடுதல் இல்லை. அரை மணிக்கு ஒரு பிஸ்கட் என்று நாள் முழுக்கக் கொறிப்பதுதான் பல்லை அரிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் புதிதாக ஊறுகிறது. தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லி ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம், அந்தக் கட்டத்தில் போனால் துளை போடாமலேயே சரிசெய்யலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. அப்புறம், ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்.