முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வுப் பணி: கேள்வி பதில்

தஞ்சாவூர்: ஐயா, இயற்பியலில் ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டேன், வாய்மொழித் தேர்வு பாக்கி. இப்போதே போஸ்ட்டாக்கிற்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. கோட்பாட்டு இயற்பியல், வானியல் இடங்கள் பலவும் நம் பக்கம் சம்பா நடவு முடிகிற ஐப்பசி, கார்த்திகையில் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு செப்டம்பர் வாக்கில்தான் தொடங்கும் என்பதால், சான்றிதழ் கைக்கு வரட்டும் என்றிருந்தால் ஒரு சுற்று போய்விடும்.

திருவாரூர்: அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டுக் கணக்கீடுகள்தான் (எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு பொருள்களின் பண்புகளைக் கணினியில் கணக்கிடும் டிஎஃப்டி முறை) என் ஆய்வு. சொந்தமாக நிரல் எழுதியதில்லை. வாய்ப்பு உண்டா?

உண்டு, ஆனால் மென்பொருளை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வெட்டு ஆற்றலை, அதாவது கணக்கில் எந்த ஆற்றல் வரையிலான அலைகளைச் சேர்ப்பது என்ற வரம்பை, எப்படித் தேர்ந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். "முந்தைய கட்டுரையில் அப்படி இருந்தது" என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். வெட்டு ஆற்றலையும், படிகத்தின் எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட எடுக்கும் கே-புள்ளி வலையையும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், மொத்த ஆற்றலின் மாற்றம் அணு ஒன்றுக்கு ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்குவதைக் காட்டும் வரைபடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதையும் உள்ளீட்டுக் கோப்புகளையும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்து, முகவரியை விண்ணப்பத்தில் கொடுங்கள். இத்துறை அறிவிப்புகள் சை-கே மின்னஞ்சல் பட்டியலில் வரும். இவ்வகைக் கணக்கீட்டுக்கான வாஸ்ப் மென்பொருளை உரிமம் இல்லாமல் ஓட்டிச் செய்த கணக்கை மட்டும் எங்கும் காட்டாதீர்கள்.

மன்னார்குடி: உரிமம் வாங்கச் சிறு கல்லூரிக்கு ஏது பணம்? எல்லோரும்தான் அப்படிப் பயன்படுத்துகிறார்கள்.

பணமில்லை என்பது நியாயமான குறை. ஆனால் அதே வேலையைச் செய்யும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, அபினிட் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மன்னார்குடி: அவற்றின் முடிவுகளை மதிப்பீட்டாளர்கள் நம்புவதில்லையே?

நம்பாதவரிடம் 2016-இல் சயின்ஸ் இதழில் வந்த ஒப்பீட்டைக் காட்டுங்கள். 71 தனிமப் படிகங்களை 15 மென்பொருள்களைக் கொண்டு கணக்கிட்டு, அண்மைக்கால மென்பொருள்களும் முறைகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்த விடையையே தருகின்றன என்று அதில் நிறுவியிருக்கிறார்கள். மென்பொருளின் பெயரை விட, அதை நீங்கள் எவ்வளவு கவனமாகச் சோதித்தீர்கள் என்பதே உங்கள் முடிவுக்கு மதிப்பைத் தரும். உரிமமில்லாத கணக்கோ, பிற்பாடு உங்கள் வழிகாட்டியையும் சேர்த்தே சிக்கலில் இழுத்துவிடும்.

மயிலாடுதுறை: நூறு பேராசிரியர்களுக்கு மடல் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

நூறு பேருக்கும் ஒரே மடலா? கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோது, அவருடைய நூலின் 36-ஆம் பக்கத்தில் பகா எண்களைப் பற்றிச் சொல்லியிருந்ததைச் சுட்டி, அதற்குத் தாம் ஒரு விடை கண்டிருப்பதாகச் சொன்னார். கூடவே தம் தேற்றங்களையும் அனுப்பினார். நீங்களும் அவரவர் கட்டுரையைப் படித்து, அதில் உங்களால் எதை மேலே கொண்டுபோக முடியும் என்று எழுதுங்கள்.

நாகப்பட்டினம்: பட்டம் வருமுன் விண்ணப்பிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கும்பகோணம்: ஜெர்மனியின் ஹம்போல்ட் ஆய்வு உதவித்தொகைக்குக் காலக்கெடு உண்டா?

விண்ணப்பம் எப்போது ஏற்கப்படும் என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஜெர்மனியில் உங்களை ஏற்க இசையும் ஆய்வாளரை முதலில் தேடுங்கள். அவருக்கும் ஒரே மடலை அனுப்பாதீர்கள்.

பட்டுக்கோட்டை: நுண்ணுயிரியலில் எங்கே இடம் உண்டு?

என் துறையன்று, உங்கள் வழிகாட்டியைக் கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி: முகவர் ஒருவர் பணம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். போஸ்ட்டாக் என்பது அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை.