ஒரு மனிதரால் 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட முடியும்?

கேள்விக்கு நேரடிப் பதில் 319.614 கிலோமீட்டர். 2022 செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் நடந்த ஐரோப்பிய 24 மணி நேரப் போட்டியில் லித்துவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் ஓடிய தூரம் அது. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நான்கரை நிமிடம். அதாவது ஒரு மாரத்தானை 3 மணி 10 நிமிடத்தில் முடிக்கும் வேகம். பல ஆண்டுகள் பயிற்சி செய்தும் அந்த நேரத்தை ஒரே ஒரு முறை எட்டிவிட மாட்டோமா என்று ஏங்குபவர்கள் எங்கள் ஓட்டக் குழுவிலேயே உண்டு. அவரோ அதே சராசரியில் ஏழரை மாரத்தான் தூரத்தை ஓடி முடித்தார். சிறுநீர் கழிக்க நின்றிருந்தால் அந்த நேரமும் இந்தச் சராசரிக்குள் அடக்கம்.

அவருக்கு முன் இந்தத் துறையை ஆண்டவர் கிரேக்கத்தின் யானிஸ் கூரோஸ். 1997 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், 400 மீட்டர் தடத்தை 758 முறைக்கு மேல் சுற்றி 303.506 கிலோமீட்டர் ஓடினார். நூற்றாண்டுகளுக்கு இது முறியாது என்று அவரே சொன்னார். ஏறத்தாழ 24 ஆண்டுகள் முறியவும் இல்லை. 2021 ஆகஸ்டில் போலந்தில் 309.399 கிலோமீட்டர் ஓடி அதைத் தாண்டியவரும் சொரோகின்தான்.

இத்தனை தூரத்தில் முதலில் கைவிடுவது கால்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது வயிறு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 320 கிலோமீட்டர் ஓடச் சுமார் 22,000 கலோரி செலவாகும். உடலில் கிளைக்கோஜனாக, அதாவது தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்தாக, சேர்ந்திருப்பதோ ஏறக்குறைய 2,000 கலோரிதான். குடல் பழகியவர்கள்கூட மணிக்கு 90 முதல் 120 கிராம் அளவுக்குத்தான் மாவுச்சத்தை உறிஞ்ச முடியும் என்பதால், மீதியைக் கொழுப்பிலிருந்துதான் உடல் எடுத்தாக வேண்டும். ஓடும்போது இரத்தம் கால் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால், உள்ளே போன உணவு சரியாகச் செரிக்காமல் கிடக்கும்.

நான் கலந்துகொண்ட ஒரே பன்னிரண்டு மணி நேர இரவு ஓட்டத்தில், ஒன்பதாவது மணியில், உப்பு போட்ட உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் இரண்டு சுற்று நடந்தேன். கால்களில் அப்போதும் தெம்பு இருந்தது. பிறகு தடத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்து, மீதி மூன்று மணி நேரத்தை வெந்நீரை உறிஞ்சியபடி நடந்தே கழித்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் திசையை மாற்றச் சொல்வார்கள். ஒரே பக்கமாக வளைந்து வளைந்து வலித்த இடது முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அன்றுதான் அறிந்தேன். விடிந்தபோது என் கணக்கில் 71 கிலோமீட்டர் இருந்தது. சொரோகினின் வெரோனா வேகத்தில் அது ஐந்து மணி இருபது நிமிட ஓட்டம்.