பழைய பாரசீகக் கம்பளம் வாங்குறப்போ எதைப் பார்த்து வாங்கணும்? முடிச்சு எண்ணிக்கை முக்கியமா?

முடிச்சு எண்ணிக்கையை, அதாவது குறிப்பிட்ட இடத்துக்குள்ள எத்தனை முடிச்சு போட்டிருக்குங்கிற கணக்கை, இப்போதைக்கு ஓரமா வெச்சிடுங்க. அது ஊருக்கு ஊர் மாறும். இஸ்ஃபஹான், நாயீன் ஊர்கள் பக்கம் கண்ணை உறுத்துற அளவுக்கு நெருக்கமா நெய்வாங்க, ஹெரிஸ் கம்பளம் முரட்டு முடிச்சு, ஆனா தலைமுறை தலைமுறையா மிதிபட்டும் அப்படியே கிடக்கும். ரெண்டையும் ஒரே தராசுல போட்டா ஹெரிஸை மட்டமா நினைச்சிடுவீங்க, அது பெரிய தப்பு.

மொதல்ல கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, முன்பக்கத்தை ஈரத்துணியால துடைச்சும் பாருங்க. எனக்கு இதை யாரும் சொல்லித் தரல, அதனால நான் வாங்கின முதல் கம்பளத்துல நல்லா ஏமாந்தேன். காஷான் ஊர்க் கம்பளம், நூறு வருஷப் பழசு, தேய்மானமே இல்லைன்னு சொல்லி ஒரு வியாபாரி கொடுத்தார், கரு நீலம் அவ்ளோ அழகா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியை நனைச்சு துடைச்சா துணி பூரா நீலம். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது, நடுவுல கம்பளி மொத்தமா தேய்ஞ்சு அடியில இருக்கிற வெள்ளைப் பருத்தி நூல் வெளிய தெரியுது, அது மேல மையைத் தடவி மறைச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுலேர்ந்து ஈரத்துணி இல்லாம எங்கயும் போறதில்லை.

அடுத்தது சாயம். முடிச்சை விரலால பிரிச்சு அடிவரைக்கும் பாருங்க. ரசாயனச் சாயம் 1856க்கு அப்புறம் வந்தது, ஈரானுக்குள்ள 1870கள் வாக்குல பரவுச்சு. அந்த ஆரம்ப காலச் சாயத்துல சில ஊதா, சிவப்பெல்லாம் மேல வெளிறிச் சாம்பலாகி, அடியில மட்டும் பளிச்சுனு இருக்கும். அவுரி நீலமும் மேடர் வேர்ச் சிவப்பும் அப்படிக் கெட்டுப்போறது அபூர்வம். இன்னொண்ணு, கறுப்பும் கரும்பழுப்பும் இருக்கிற கோடுகளைக் கையால தடவிப் பாருங்க, பழசுல அது மட்டும் பள்ளமா இருக்கும், ஏன்னா சாயத்துல சேர்த்த இரும்பு காலப்போக்குல கம்பளியை அரிச்சிடும்.

வயசு விஷயத்துல வாய்ப்பேச்சை நம்பாதீங்க. யாராவது நூத்தம்பது வருஷத்துக் கோம் கம்பளம்னு சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க, கோம்ல கம்பள நெசவு பெருசானதே 1930கள் வாக்குலதான். கம்பளத்துலயே வருஷம் நெய்திருந்தாலும் உஷார், அது பெரும்பாலும் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு, பாரசீக 3ல ஒரு பல்லை எடுத்தா 2 ஆயிடும், 1320 வந்து 1220 ஆயிடும், சும்மா ஒரு நூறு வருஷம் கூடிடும். அந்த எண்ணுக்குப் பின்பக்கம் நூல் புதுசா இருக்கான்னு பாருங்க. நெய்த வருஷம் நேர்மையா நிக்கிறதுக்கு உதாரணம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கிற அர்தபீல் கம்பளம், அதுல ஹிஜ்ரி 946னு இருக்கு, அதாவது 1539-40. முடிஞ்சா ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க, சுமார் பத்தரை மீட்டர் நீளம், அது முன்னாடி நின்னா பேச்சே வராது.

கடைசியா மடக்கிப் பாருங்க, காதுகிட்ட வெச்சு மெதுவா. பொறிஞ்ச அப்பளம் மாதிரி நொறுங்குற சத்தம் வந்தா அடிநூல் உளுத்துப்போச்சுன்னு அர்த்தம், எவ்ளோ மலிவா கொடுத்தாலும் வேண்டாம். ஓரமும் குஞ்சமும் கிழிஞ்சிருந்தா பரவால்ல, அதைத் தைச்சுக்கலாம்.

இப்ப என்கிட்ட ஒரு பக்தியாரி வகைக் கம்பளம் இருக்கு. அதுல ஒரு இடத்துல நீலம் திடீர்னு ஒரு சாயல் மாறும், குறுக்கே கோடு போட்ட மாதிரி. காய்ச்சின சாயம் தீர்ந்து அடுத்ததை எடுத்தா அப்படித்தான் ஆகும், இதுக்கு அப்ரஷ்னு பேர். வித்தவர் அதைக் குறைன்னு நினைச்சு விலையைக் குறைச்சார், நான் அந்தக் கோட்டுக்காகவேதான் வாங்கினேன்.