பட்டறைக் கேள்வி பதில்: காற்றுக்கு வந்த கிராக்கி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏர் கம்ப்ரசரைப் பற்றியவை. அதிலும் வியாசர்பாடி தொடங்கி எண்ணூர் வரை வடசென்னைக்காரர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்தத் தடவை முழுக்க அதற்கே இடம் கொடுத்துவிடலாம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் தொழிற்பேட்டையில் திரும்பின பக்கமெல்லாம் புது ஸ்க்ரூ கம்ப்ரசர் (பிஸ்டனுக்குப் பதில் திருகுகள் சுற்றிக் காற்றை அமுக்கும் ரகம்) இறங்குகிறது. முன்பெல்லாம் பஞ்சர் கடையிலும் பெயின்ட் ஷாப்பிலும் பார்த்த சாமான். இப்போது எல்லாருக்கும் எதற்கு?
– வாசகர், வியாசர்பாடி

எல்லாருடைய மெஷினும் மாறிவிட்டதே, அதற்குத்தான். பழைய லேத்துக்குக் கரண்ட் இருந்தால் போதும். வி.எம்.சி. (உலோகத்தைச் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்) போட்டுவிட்டால் டூலை விடுவிக்கக் காற்று, டூலைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில் வாயில் உலோகச் சீவல் ஒட்டாமல் ஊதக் காற்று, வேலை முடிந்த பீஸைத் துடைக்கக் காற்று. பிரஷர் கொஞ்சம் இறங்கினாலும் மெஷின் அலாரம் அடித்து நின்றுவிடும். தகடு வெட்டும் இடங்களில் ஃபைபர் லேசர் வந்துவிட்டது. வெட்டும் இடத்தில் ஊதுகிற நைட்ரஜன் சிலிண்டருக்குக் கொட்டும் பணத்தைப் பார்த்துவிட்டு, மெல்லிய தகட்டை நன்றாக உலர்த்திய காற்றிலேயே வெட்டுகிறார்கள், அதற்கென்றே 16 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை தருகிற கம்ப்ரசர், டேங்க், டிரையர் எல்லாம் ஒரே செட்டாக விற்பனைக்கு வருகிறது. மாதவரம், செங்குன்றம் பக்கம் தண்ணீர் கம்பெனிகளைப் பாருங்கள், பெட் பாட்டிலை ஊதி எடுக்க 25 முதல் 40 பார் வரை வேண்டும், அது வேறு ரகம், விலையும் வேறு. மருந்து, உணவு, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் எண்ணெய் வாடையே இல்லாத காற்று கேட்கின்றன. மணலி பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு இது புதிதில்லை, சுத்திகரிப்பு ஆலையின் கண்ட்ரோல் வால்வுகள் பெரும்பாலும் காற்றில்தான் திறந்து மூடும். அனல் மின் நிலையத்தில் சாம்பலைக் குழாய் வழியாகத் தள்ளுவதற்கும் காற்று தேவைப்படுகிறது.

என்னைக் கேட்டால் பெரிய காரணம் ஆள் பற்றாக்குறை. பேக்கிங்கில் நான்கு பேர் செய்த வேலையை ஒரு நியூமேடிக் சிலிண்டரும் இரண்டு சென்சாரும் செய்கின்றன. அந்த சிலிண்டர் மலிவு, ரிப்பேரும் சுலபம். அதனால் சின்னப் பட்டறைக்காரர் ஆட்டோமேஷன் என்று இறங்கினாலே முதலில் காற்றில்தான் கை வைக்கிறார். கோயம்புத்தூரில் 1960-லேயே எல்ஜி இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதால், நம் ஊரில் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் சர்வீஸுக்கும் பெரிய திண்டாட்டம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடுங்கையூரில் ஜாப் வொர்க் செய்கிறேன். 10 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் இருக்கிறது. இரண்டாவது வி.எம்.சி. வாங்கியதிலிருந்து பிரஷர் நிற்கவே மாட்டேன் என்கிறது. டீலர் 20 எச்.பி. ஸ்க்ரூ எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா சார்?
– வாசகர், கொடுங்கையூர்

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷின் எதுவும் ஓடாத நேரத்தில் பட்டறைக்குப் போய் கம்ப்ரசரை மட்டும் போடுங்கள். லைன் வால்வெல்லாம் திறந்தே இருக்கட்டும். டேங்க் நிரம்பி கட்-ஆஃப் ஆகும். யாரும் காற்றை எடுக்கவில்லை என்றால் அது அப்படியே கிடக்க வேண்டும் இல்லையா? கிடக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக ஓட ஆரம்பிக்கும். எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று செல்போனில் நேரம் பார்த்து ஐந்தாறு சுற்று குறித்துக்கொள்ளுங்கள். 1 நிமிடம் ஓடி 3 நிமிடம் நின்றால், நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதக் காற்று ஓட்டையில் போகிறது. பராமரிப்பு இல்லாத பட்டறையில் 20, 30 சதவீதம் என்பது சர்வ சாதாரணம். அந்த அமைதியில் காதைக் கொடுத்தாலே பாதி இடம் தெரிந்துவிடும்: புஷ் ஃபிட்டிங், ரெகுலேட்டர் கிண்ணம், வெடித்த பி.யு. (பிளாஸ்டிக்) டியூப், ஏர் கன்னின் குதிரை. மீதிக்கு சோப்புத் தண்ணி. 7 பாரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் 20 சி.எஃப்.எம்.முக்கு (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற கணக்கு) மேல் போய்விடும், அதற்காகவே ஒரு 5 எச்.பி. மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டும்.

அப்புறம் பைப். இரண்டு மெஷினுக்கும் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பையே இழுத்திருந்தால் டேங்கில் 7 பார் காட்டும், கடைசி மெஷினில் 5 கூட இருக்காது. அதைச் சரி செய்யாமல் பிரஷர் சுவிட்சைத் திருகி ஏற்றுவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை. 1 பார் ஏற்றினால் கரண்ட் கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும், ஓட்டையில் போகிற காற்றும் அதற்கேற்பக் கூடும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் பற்றவில்லையா, தாராளமாக வாங்குங்கள். ஆனால் எச்.பி.யைச் சொல்லி வாங்காதீர்கள், எத்தனை பாரில் எத்தனை சி.எஃப்.எம். என்று எழுதி வாங்குங்கள். அதிலும் பிஸ்டன் மெஷினில் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ (பிஸ்டன் அசைவை வைத்துக் கணக்கிட்ட அளவு) என்று போட்டிருப்பது வேறு, வாயில் வந்து விழும் காற்று வேறு; கால்வாசி குறைவது சகஜம். இரண்டு வி.எம்.சி.யின் மேனுவலிலும் எவ்வளவு காற்று வேண்டும் என்று போட்டிருப்பார்கள், கூட்டிப் பாருங்கள். தேவைக்கு மேல் பெரிய ஸ்க்ரூ எடுத்தால், காற்று கொடுக்காமல் சும்மா சுற்றும்போதும் முழு லோடில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரண்டைத் தின்னும். லோடு ஏறி இறங்குகிற பட்டறைக்கு வி.எஃப்.டி. (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) உள்ளதை யோசிக்கலாம், நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடுகிறவருக்கு அந்த அதிகப்படி விலை தேவையில்லை.

கணக்கும் போட்டுவிடுவோம். 20 எச்.பி. என்றால் சுமார் 15 கிலோவாட். தினம் 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் முழு லோடில் ஓடினால் 45,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 3,60,000 ரூபாய், வருடா வருடம். டீலர் தருகிற தள்ளுபடிக்கு நீங்கள் பேரம் பேசும் நேரத்தில் பாதியை இந்தக் கணக்குக்குக் கொடுங்கள். மின்வாரியத்தில் லோடு ஏற்றி வாங்கிய பிறகே மெஷினை இறக்குங்கள்.

ஆட்டோ, வேன்களுக்கு பெயின்ட் அடிக்கிறோம். மழைக்காலத்தில் பெயின்ட்டில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. பெயின்ட் கம்பெனி மேல்தான் தப்பு என்கிறான் என் தம்பி.
– வாசகர், தண்டையார்பேட்டை

தம்பியிடம் டேங்க் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கெட்டோடு. நம்ம கடலோரக் காற்றில் 32 டிகிரி, 75 சதவீத ஈரம் என்று வைத்தால், ஒரு கன மீட்டருக்கு 25 கிராம் தண்ணீர் இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கிக் குளிரவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 50 சி.எஃப்.எம். கம்ப்ரசர் எட்டு மணி நேர ஷிஃப்டில் 10 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடும், கேன் தண்ணீரில் பாதி கேன்! உங்களுடையது சின்ன மெஷின்தான், ஆனாலும் கோடையிலேயே லிட்டர் கணக்கில் வரும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

தினம் காலையும் மாலையும் டிரெயின் பண்ணுங்கள். கன்னுக்கு முன்னால் வாட்டர் செப்பரேட்டர் போடுங்கள். பைப்பை டேங்கிலிருந்து லேசான சரிவோடு இழுத்து, கீழே இறங்கும் லைனை மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள், அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர் நேராகக் கன்னுக்கு வரும். வசதி இருந்தால், காற்றைக் குளிரவைத்து ஈரத்தை எடுக்கும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சிமென்ட் ஷீட் கூரைக்கடியில் சூட்டையே மறுபடி மறுபடி இழுத்தால் காற்றும் குறையும், கரண்டும் ஏறும். பெயின்ட் கம்பெனியை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

என் கணவர் டெய்லரிங் யூனிட்டுக்கு ஸ்நாப் பட்டன் மெஷின் வாங்கியிருக்கிறார். கம்ப்ரசர் மட்டும் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வருகிறதாம். பயமாக இருக்கிறது. நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் எழுதுங்கள்.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. பழைய மோட்டார் கெட்டால் செலவோடு போகும், பழைய டேங்க் வெடித்தால் ஆளோடு போகும். தினம் தண்ணீரை இறக்காமல் விட்ட டேங்க், வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும், அடிப்பக்கம் உள்ளேயிருந்து துருப்பிடித்து அரித்திருக்கும். அதனால் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: டேங்கில் தயாரித்த வருடமும் எத்தனை பிரஷருக்கு டிசைன் செய்தது என்பதும் பொறித்த பிளேட் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். இருந்தால், அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துத் தகட்டின் கனத்தை அளந்து, தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட்டும் செய்து சர்டிபிகேட் தரட்டும். டேங்கில் ஒட்டு வெல்டிங் தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம். சேஃப்டி வால்வு புதிதாகவே போடுங்கள், அந்தக் காசில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டன் மெஷினுக்கு வேண்டியது கொஞ்சம் காற்றுதான், சின்னதாகப் புது மெஷினே கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது. வீட்டோடு இருக்கும் யூனிட் என்றால் சத்தம் குறைவான ஆயில்-ஃப்ரீ ரகத்தைப் பாருங்கள், மாடி வீட்டுக்காரரோடு சண்டை மிச்சம்.

ஷிஃப்ட் முடிந்ததும் பசங்க ஏர் கன்னால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்கிறார்கள். சூப்பர்வைசர் திட்டுகிறார். அதில் என்ன தப்பு?
– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

சூப்பர்வைசர் பக்கம்தான் நான். கண்ணில் இரும்புத் தூள் போனால் ஆஸ்பத்திரி, தோலில் சின்ன வெட்டு இருந்து அதன் வழியாகக் காற்று ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டு என்று கூட வேலை செய்கிறவன் பின்பக்கம் ஊதி, குடல் கிழிந்து ஆள் செத்த செய்திகள் நம் நாட்டிலேயே வந்திருக்கின்றன. சட்டைக்கு பிரஷ் போதும்.

ரயில் பிரேக்கும் காற்றில்தான் ஓடுகிறதாமே, அது எவ்வளவு பிரஷர்?
– வாசகர், பெரம்பூர்

ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.-ஐப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! பிரேக் பைப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, பெட்டிகளின் காற்று டேங்கை நிரப்பும் ஃபீட் பைப்பில் 6 கிலோ. பிரேக் பைப்பில் காற்று குறைந்தால்தான் பிரேக் பிடிக்கும். பைப் அறுந்தால் வண்டி தானாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறேன். கம்ப்ரசர் சர்வீஸ் வேலைக்குப் போகலாமா அண்ணே?
– வாசகர், எர்ணாவூர்

போ தம்பி. மெஷின் விற்பனை ஏறினால் சர்வீஸ் பின்னாலேயே வரும், ஆயிலும் ஃபில்டரும் செப்பரேட்டரும் மாற்றாமல் ஒரு ஸ்க்ரூவும் ஓடாது. ஃபிட்டர் வேலையோடு கொஞ்சம் எலெக்ட்ரிகல், வி.எஃப்.டி., கண்ட்ரோலரில் எரர் கோடு பார்ப்பது, இவற்றையும் கற்றுக்கொள். ஆயில் சூடு ஏறி ட்ரிப் ஆகிறது என்று நடுராத்திரி போன் வரும், அதற்குத் தயார் என்றால் சரி. முதல் இரண்டு வருடம் சம்பளத்தைப் பார்க்காமல் பெரிய டீலரிடம் இரு, விதவிதமான மெஷினைத் திறந்து பார்க்க வேறு வழியில்லை.

எங்கள் ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் மக்கர் பண்ணுகிறது. பக்கத்து பட்டறைக்கு வரும் ஏர் கம்ப்ரசர் மெக்கானிக் குறைந்த கூலிக்குப் பார்த்துத் தருகிறேன் என்கிறார். பார்க்கச் சொல்லலாமா?
– வாசகர், காசிமேடு

வேண்டவே வேண்டாம். அவர் பார்ப்பது வெளிக்காற்றை இழுத்து அமுக்கும் மெஷின், ஒரு நட்டைத் தப்பாகக் கழற்றினால் உஸ்ஸென்று காற்று போகும், அவ்வளவுதான். உங்கள் பிளான்ட்டில் சுற்றுவது அம்மோனியா. அது கசிந்தால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அம்மோனியா பிளான்ட் தெரிந்த ரெஃப்ரிஜரேஷன் ஆளைக் கூப்பிடுங்கள்.